பறக்கப் பழகு – 7: துருத்தியில் பிறந்த விமானம்

கணியூர் சுங்கச்சாவடிப் பக்கம் டீக்கடையில் நின்றிருந்தபோது, கோவையில் இறங்க வடகிழக்கிலிருந்து ஒரு விமானம் வந்தது. ஓடுபாதைக்கு அங்கிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர். உயரம் சுமார் 2,000 அடி. தரை தொட மூன்று நிமிடம். பக்கத்தில் நின்ற சோமனூர் விசைத்தறிக்காரர் கேட்டார்: “பையன் கம்ப்யூட்டர்லயே இதை எறக்குறானுங்க. பைலட் படிப்புக்குப் பிரயோசனப்படுமுங்களா?”

பாதிக்குப் பயன்படும். எந்தப் பாதிக்கு என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

தரையில் இருந்தபடி பறக்கப் பழகுவது புதிதல்ல. அமெரிக்காவில் பியானோவும் ஆர்கனும் செய்த குடும்பத்தில் பிறந்த எட்வின் லிங்க், 1929இல் அதற்காகவே ஒரு பொம்மை விமானம் செய்தார். அதைச் சாய்த்து நிமிர்த்தியது ஆர்கனின் காற்றுத் துருத்தி. நம் ஆர்மோனியத்துக்குள் இருப்பதன் அண்ணன். முதலில் பொழுதுபோக்குப் பூங்காக்கள்தான் வாங்கின. 1934இல் தபால் சுமந்த ராணுவ விமானிகள் பனியிலும் மேகத்திலும் சிக்கி அடுத்தடுத்து இறந்த பிறகே, அமெரிக்க ராணுவம் லிங்கின் பொம்மை விமானங்களில் ஆறை வாங்கியது.

மேகத்துக்குள் உடம்பு பொய் சொல்லும். விமானம் சாய்ந்திருக்கும், காது நிமிர்ந்திருப்பதாகச் சாதிக்கும். அப்போது கருவிகளை நம்ப வேண்டும். கருவியே பொய் சொன்னால்? 1978 ஜனவரி 1 இரவு, பம்பாயிலிருந்து துபாய்க்குக் கிளம்பிய ஏர் இந்தியா 747, சில நிமிடங்களில் கடலில் விழுந்தது. 213 பேரும் இறந்தார்கள். கேப்டன் முன்னிருந்த சாய்வுமானி பழுதாகி, விமானம் வலப்பக்கம் சாய்ந்திருப்பதாகக் காட்டியது. அவர் இடப்பக்கம் திருப்பிக்கொண்டே போனார். கீழே இருட்டுக் கடல். சரிபார்க்க அடிவானம் இல்லை.

ஒரு கருவியை மற்றவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கும் அந்தக் கண்பழக்கத்தை வீட்டுக் கம்ப்யூட்டர் நன்றாகவே கற்றுத்தரும். வேண்டுமென்றே ஒரு கருவியைக் கெடுத்துவிட்டுப் பறந்து பார்க்கலாம். யாரும் சாக மாட்டார்கள். 1990களில் இல்லினாய் பல்கலைக்கழகம் சோதித்தபோது, கருவிப் பறத்தலின் புதுப் பாடங்களைக் கம்ப்யூட்டரில் பழகியவர்களுக்கு விமானத்தில் குறைந்த நேரமே தேவைப்பட்டது. பழைய பாடத்தை மறுபடி ஓட்டியதில் அவ்வளவு லாபமில்லை.

மற்றப் பாதிக்கு வருவோம். தரை நெருங்கும்போது மூக்கைத் தூக்கும் அந்தச் சில விநாடிகளைத் திரை கற்றுத்தராது. கைப்பிடியின் அழுத்தம், இருக்கை அமுங்குவது, காற்றின் சத்தம் எதுவும் அதில் இல்லை. “தறியில நூல் அறுந்தா பார்த்தா கண்டுபிடிக்கிறீங்க?” என்று கேட்டேன். “சத்தத்துலயே தெரிஞ்சிருமுங்க” என்றார். அதேதான். அதைவிட மோசம், திரையில் பழகியவர்கள் வெளியே பார்க்க மறப்பது. சில பயிற்சியாளர்கள் கருவிகளைக் காகிதத்தால் மூடிவிட்டு ஓட்டச் சொல்வதுண்டு. காலால் மிதிக்கும் ரடர் என்று ஒன்று இருப்பதே பலருக்கு முதல் நாள்தான் உறைக்கும்.

கணக்கிலும் சேராது. இந்தியாவில் கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். வீட்டில் ஆயிரம் மணி நேரம் ஓட்டினாலும் லாக் புத்தகத்தில் ஒரு நிமிடம்கூட எழுத முடியாது.

ஆகவே பெற்றோருக்கு ஒரு வார்த்தை: விலை உயர்ந்த ஜாய்ஸ்டிக் வாங்குமுன், விமானப் போக்குவரத்து இயக்குநரகம் (டிஜிசிஏ) அங்கீகரித்த மருத்துவரிடம் பையனைக் காட்டி இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்று கிடைக்குமா என்று பாருங்கள். ஜாய்ஸ்டிக் அப்புறம்.

(தொடரும்)