"ஏன் நிறுத்தினாய்?" என்று கேட்கும் டாக்டர் வேண்டும்

மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர் பாதியில் நிறுத்திவிட்டால், பழி வீட்டுப் பெண்கள் தலையில்தான் விழுகிறது. "நீங்க கவனிச்சுக் கொடுக்கிறதில்லையா?" என்று டாக்டரும் கடிந்துகொள்வார். அந்த மாத்திரை சாப்பிடுகிறவரை என்ன பாடு படுத்துகிறது என்று கேட்பவர் எத்தனை பேர்?

எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் நடவுக்கு விடியற்காலையிலேயே கிளம்பவேண்டும். இரவு போட்ட மாத்திரையின் அசதி தெளியாவிட்டால் அன்றைய கூலி போச்சு. கை நடுங்கினால் நாற்று நட முடியாது. "இப்பத்தான் நல்லா இருக்கேனே" என்று நிறுத்திவிடுகிறார்கள். கொஞ்ச நாளில் பழையபடி காதில் குரல் கேட்க ஆரம்பிக்கிறது.

என் ஓரகத்தியும் இப்படித்தான் இரண்டு முறை நிறுத்தினாள். முதலில் பார்த்த டாக்டர் எங்களைத் திட்டி, அதே சீட்டை எழுதித் தந்தார். அடுத்துப் பார்த்தவர் எங்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, "உனக்கு என்னம்மா கஷ்டம்?" என்று அவளிடமே கேட்டாராம். "மூணு மாசமா தலைக்குக் குளிக்கலை டாக்டர். கர்ப்பப்பை கெட்டுடுமோன்னு பயம்" என்றிருக்கிறாள். எங்களிடம்கூட அவள் சொல்லாதது அது!

ரிஸ்பெரிடோன் போன்ற சில மாத்திரைகள் பால் சுரக்க வைக்கும் ஹார்மோனைக் கூட்டுவதால் மாதவிலக்கு நிற்கலாமாம். கர்ப்பமில்லை என்று பார்த்துவிட்டு வேறு மாத்திரைக்கு மாற்றினார். இப்போது அவளே நேரம் பார்த்து எடுத்துப் போட்டுக்கொள்கிறாள்.

1984-ல் சென்னையில் ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கிய டாக்டர் சாரதா மேனன், மருந்தோடு வேலைப் பயிற்சியும் குடும்பத்துக்கு ஆலோசனையும் வேண்டும் என்று பாடுபட்டவர். மருந்தின் பக்கவிளைவைத் தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை என்று 2017-ம் ஆண்டு மனநலச் சட்டமே சொல்கிறது.

சகோதரிகளே, மாத்திரையைப் பொடித்து ரசத்தில் கலந்து கொடுக்காதீர்கள். தெரிந்துவிட்டால் அப்புறம் நாம் போடும் சோற்றையே சந்தேகப்படுவார்கள். நாமாக நிறுத்தவும் வேண்டாம். தூக்கம், நடுக்கம், எடை, மாதவிலக்கு எல்லாவற்றையும் கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம், மாதம் ஒருமுறை போடும் ஊசியும் இருக்கிறது.

டாக்டர்களே, கூட்டம் அதிகம்தான், புரிகிறது. ஆனாலும் திட்டுகிற நேரத்தில் "ஏன்?" என்று ஒரு வார்த்தை கேளுங்களேன்!

- ஒரு வாசகி, பாபநாசம்