பால் ஒத்துக்கொள்ளாதது நோயல்ல

மாதவரம் பால் பண்ணையிலிருந்து அதிக தூரமில்லாத சோழவரம் வட்டாரத்தில் ஆவின் பாக்கெட் விடியும் முன்பே கடைக்கு வந்துவிடும். அதைக் காய்ச்சிக் குடித்ததும் வயிறு உப்பி, பொருமி, பேதியானால் கலப்படம் என்றோ கொழுப்பு அதிகம் என்றோ பழி போடுகிறோம். நீலப் பாக்கெட்டில் கொழுப்பு 3%, ஆரஞ்சில் 6%. ஆனால் பால் சர்க்கரையான லாக்டோஸ் இரண்டிலும் ஏறக்குறைய 5%தான். ஆகவே நிறம் மாற்றி வாங்கிப் பயனில்லை. லாக்டோஸை உடைக்க சிறுகுடலில் லாக்டேஸ் என்ற நொதி சுரக்க வேண்டும். அது குறைந்தால், செரிக்காத சர்க்கரை பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து வாயுவாகிறது. நீரையும் இழுத்துக்கொள்வதால் பேதியாகிறது.

இதைக் குறைபாடு என்பதே சரியல்ல. தாய்ப்பால் மறந்தபின் இந்த நொதி குறைவதுதான் பாலூட்டிகளின் இயல்பு. உலகில் மூன்றில் இரண்டு பங்கு மக்களுக்கு அப்படித்தான். கால்நடை மேய்த்து, பாலை நம்பி வாழ்ந்த கூட்டங்களில் பரவிய ஒரு மரபணு மாற்றமே, வளர்ந்த பிறகும் நொதியைச் சுரக்கவைக்கிறது. பின்லாந்து ஆய்வாளர்கள் 2002இல் அடையாளம் கண்ட அந்த மாற்றம் இந்தியாவிலும் உண்டு: வடமேற்கில் அதிகம், தெற்கிலும் கிழக்கிலும் குறைவு. எருமை வளர்க்கும் நீலகிரித் தோடர்கள் தெற்கில் விதிவிலக்கு. கும்மிடிப்பூண்டி ஆலைகளில் வேலை பார்க்கும் தமிழரும் ஒடிசாக்காரரும் இதில் பெரும்பாலும் ஒரே பக்கம்.

சின்ன வயதில் சொம்பு சொம்பாகக் குடித்தவருக்கு இப்போது ஏன் என்று கேட்கலாம். நொதி ஒரே நாளில் நிற்பதில்லை, வருடக்கணக்கில் குறைகிறது. கடும் வயிற்றுப்போக்குக்குப் பிறகு சில வாரம் குறைந்து மீள்வதும் உண்டு. தாத்தா பாட்டிக்கு ஒன்றும் ஆகவில்லையே என்றால், அவர்கள் வீட்டில் பால் பெரும்பாலும் தயிராகவும் மோராகவும்தான் இலைக்கு வந்தது. உறையூற்றும்போதே நுண்ணுயிர்கள் லாக்டோஸில் ஒரு பகுதியைத் தின்றுவிடுகின்றன. மீதியைக் குடலிலும் உடைக்க உதவுகின்றன. நெய்யில் லாக்டோஸ் இல்லாத குறைதான். அப்படியானால் பாலை அடியோடு விடவேண்டுமா? வேண்டாம். 12 கிராம் லாக்டோஸ், அதாவது சாப்பாட்டோடு ஒரு டம்ளர் பால், பலருக்குத் தொந்தரவு தராது. ஷிஃப்ட் இடைவேளை டீயில் இருப்பது அதில் கால் பங்குகூட இராது. சுண்ணாம்புச் சத்துக்குக் கேழ்வரகும் இருக்கிறது.

பால் குடித்ததும் தடிப்பு, முகவீக்கம், மூச்சிரைப்பு வந்தால் அது ஒவ்வாமை. அங்கே தயிரும் ஆபத்து. மலத்தில் ரத்தம், எடை குறைதல், காய்ச்சல் இருந்தாலும் பால்தான் காரணம் என்று இருந்துவிடாமல் மருத்துவரைப் பாருங்கள்.