போடிமெட்டு ஏறும் பழைய புல்லட்

இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955-இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. அந்த நிறுவனத்தின் திருவொற்றியூர் ஆலையில் உருவான 350 சிசி புல்லட்டின் இன்ஜின் அடிப்படை அரை நூற்றாண்டு காலம் மாறவே இல்லை. ஒற்றை சிலிண்டர், 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக். ஸ்ட்ரோக் நீளமானதால் குறைந்த வேகத்திலேயே நல்ல இழுவை உண்டு. மலை சூழ்ந்த கம்பம் பள்ளத்தாக்கில் வேகத்தைவிட அதுதான் பயன்படும்.

பழைய வண்டி கிடைத்ததும் பெயிண்டுக்கும் குரோமுக்கும் பணத்தைக் கொட்டக் கூடாது. முதலில் இன்ஜினைப் பிரித்துக் கழுவி அளக்க வேண்டும். சிலிண்டர் தேய்ந்திருந்தால் லேத் பட்டறையில் போர் செய்து, அதற்கேற்ற பெரிய அளவு பிஸ்டன் போடலாம். வார்ப்பிரும்பு சிலிண்டர் என்பதால் இது ஒன்றுக்கு மேற்பட்ட தடவை சாத்தியம். நல்ல நிலையில் உள்ள பழைய பாகத்தைத் தூக்கி எறிந்துவிட்டு மட்டமான புதுப் பாகம் மாட்டுவது வண்டிக்குச் செய்யும் கேடு.

அடுத்தது டியூனிங். பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இருக்கலாம். டேப்பட்டை இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். இரண்டு வால்வும் மூடிய நிலையில் புஷ்ராடை விரலால் உருட்டினால் தடையின்றிச் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடக் கூடாது. கிக்கர் உதைப்பதிலும் முறை உண்டு. ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்தி, டீகம்ப்ரஷரைப் பிடித்துப் பிஸ்டனை உச்சிக்குச் சற்று அப்பால் நகர்த்தி, லீவரை விட்டு, ஒரே மூச்சில் உதைக்க வேண்டும். பொறுமையில்லாதவர் காலைக் கிக்கர் திருப்பி அடிக்கும்.

கார்பரேட்டரில்தான் இந்த மலைப்பகுதியின் சோதனை. தேனியிலிருந்து போடிமெட்டு போனால் உயரம் ஆயிரம் மீட்டருக்கு மேல் கூடும்; காற்றின் அடர்த்தி சுமார் பத்தில் ஒரு பங்கு குறையும். கீழே சரியாக ஓடிய வண்டிக்கு மேலே பெட்ரோல் அதிகமாகி, பிளக்கில் கரி படியும். மலையிலேயே புழங்கும் வண்டிக்குச் சிறிய ஜெட் போடலாம். ஏறி இறங்கும் வண்டிக்குச் சமவெளி அளவே பாதுகாப்பானது. பெட்ரோல் குறைந்த கலவையோடு முழுச் சுமை இழுத்தால் இன்ஜின் சூடேறிப் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பிளக் முனை வெளிர் பழுப்பாக இருந்தால் கலவை சரி.

வாங்குமுன் இன்ஜின் எண்ணும் சேஸி எண்ணும் ஆர்.சி. புத்தகத்தோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பொருந்தாத வண்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.