இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் பெட்ரோல் மிச்சமா? மைலேஜ் எங்கேதான் போகிறது?

2022 நவம்பர் 20, ஞாயிறு இரவு. புனேயில், மும்பை - பெங்களூரு நெடுஞ்சாலையில், காத்ரஜ் புதிய சுரங்கப்பாதையைத் தாண்டி இறக்கத்தில் வந்த ஒரு லாரி, நவலே பாலம் அருகே 20-க்கும் மேற்பட்ட வாகனங்கள் மீது வரிசையாக மோதியது. 'பிரேக் ஃபெயிலியர்' என்பதுதான் முதலில் வந்த செய்தி. முதற்கட்ட விசாரணைக்குப் பிறகு போலீஸ் தரப்பு சொன்னது வேறு: இறக்கத்தில் என்ஜினை ஆஃப் செய்துவிட்டு லாரியை உருளவிட்டிருக்கிறார் டிரைவர்.

டீசல் மிச்சம் பிடிக்க நெடுஞ்சாலைகளில் பலரும் செய்கிற வேலைதான் இது. லாரியின் பிரேக் காற்றழுத்தத்தில் இயங்குவது. என்ஜின் நின்றால் கம்ப்ரசரும் நிற்கும். அதன்பிறகு ஒவ்வொரு முறை பெடலை மிதிக்கும்போதும் டேங்கில் இருக்கும் காற்று குறையும். ஒரு கட்டத்தில் பிரேக் கைவிட்டுவிடும்.

"நான் என்ஜினை ஆஃப் பண்ண மாட்டேன், நியூட்ரல் மட்டும்தான் போடுவேன்" என்கிறீர்களா? அதிலும் லாபம் இல்லை. இன்றைய கார்களில் கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், என்ஜினுக்குப் போகும் எரிபொருளை கம்ப்யூட்டரே நிறுத்திவிடும். சக்கரங்கள்தான் என்ஜினைச் சுற்றுகின்றன. நியூட்ரல் போட்டால் அந்தத் தொடர்பு அறுந்துவிடுகிறது. என்ஜின் அணையாமல் இருக்கத் தனியாகப் பெட்ரோல் வேண்டும். ஆக, நீண்ட இறக்கத்தில் நியூட்ரல்தான் அதிகம் குடிக்கும். என்ஜின் பிரேக்கிங்கும் போய்விடும். அம்பாசடர் காலத்து கார்ப்பரேட்டர் என்ஜினுக்குச் சொன்ன டிப்ஸ் இது. பெரியப்பாக்கள் வழியாக இன்னும் உயிரோடு இருக்கிறது.

சரி, அப்போ பெட்ரோல் எங்கேதான் வீணாகிறது? ஒரு பகுதி பிரேக்கில். இதற்குப் பெரிய ஆய்வு எதுவும் வேண்டாம், பிளஸ் ஒன் இயற்பியல் போதும்.

1,100 கிலோ எடையுள்ள கார் 60 கி.மீ. வேகத்தில் போனால் அதன் இயக்க ஆற்றல் சுமார் 1.5 லட்சம் ஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பது சுமார் 3.2 கோடி ஜூல். அதில் கால்வாசிதான் சக்கரத்துக்கு வந்து சேர்கிறது என்று வைத்துக்கொண்டால், பூஜ்யத்திலிருந்து 60-ஐத் தொட 19 மில்லி தேவை. பிரேக்கை அழுத்தி நிறுத்தும்போது அது முழுக்கச் சூடாகி காற்றில் போகிறது. லிட்டர் 100 ரூபாய் என்றால், ஒரு தடவை நிற்க கிட்டத்தட்ட 2 ரூபாய். ஆபீஸ் போய்வரும் வழியில் இப்படி பத்து தடவையைத் தவிர்த்தால், 25 வேலைநாளில் 450 ரூபாய்க்கு மேல் மிச்சம். அதே கார் 40 கி.மீ. வேகத்திலிருந்து நின்றால் வீணாவது பாதிக்கும் குறைவு.

செய்ய வேண்டியது எளிது. தூரத்தில் சிக்னல் சிவப்பாகத் தெரியும்போதே காலை எடுத்துவிடுவது. முன்னால் போகும் வண்டிக்கு மூன்று விநாடி இடைவெளி விடுவது. சில்க் போர்டில் மூணு செகண்ட் கேப் விட்டால் நடுவில் நாலு பைக் நுழையும், தெரியும். நுழையட்டும், அப்போதும் உங்கள் கால் பிரேக்குக்குப் போகும் தடவைகள் குறையும். திடீர் வேகம், திடீர் பிரேக் என்று ஓட்டினால் நகர நெரிசலில் மைலேஜ் 10 முதல் 40 சதவீதம் வரை குறையலாம் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை.

ஹைவேயில் எதிரி காற்று. வேகம் 80-லிருந்து 100 ஆனால், காற்று எதிர்க்கும் விசை 56% கூடுகிறது. டயர் உராய்வு அவ்வளவாக மாறாது என்பதால் பெட்ரோல் செலவு அதே அளவு ஏறாது, ஆனால் பில்லில் தெரியும் அளவுக்கு ஏறும். இதில் கிடைப்பது 100 கிலோமீட்டருக்கு 15 நிமிடம். அதுவும் டோல் பிளாசா விட்டுவைத்தால். இன்னொரு பக்கம், 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் சுமார் 71% பேரின் மரணத்துக்கு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை காட்டும் காரணம் அதிவேகம். போலீஸ் பதிவுகளிலிருந்து வரும் கணக்கு என்பதால், மோசமான சாலை வடிவமைப்பும் இந்தக் கட்டத்துக்குள் ஒளிந்திருக்கலாம். அப்படிக் கழித்தாலும் எண் சிறியதாகிவிடாது.

டயர் காற்று, ஏசி பற்றி சுருக்கமாக: வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் மாதம் இருமுறை காற்று பாருங்கள். நகரத்துக்குள் மெதுவாகப் போகும்போது ஜன்னலைத் திறக்கலாம். ஹைவேயில் ஏற்றிவிட்டு ஏசி போடுவதே மேல்.

இதையெல்லாம் செய்தும் கம்பெனி சொன்ன மைலேஜ் வரவில்லையே? வராது. அந்த எண், ஆய்வகத்தில் உருளைகள் மேல் காரை ஏற்றி, ஏசியை அணைத்து, சுமார் 20 நிமிடம் ஓட்டி எடுத்தது. போதாக்குறைக்கு இப்போது பம்பில் கிடைப்பது 20% எத்தனால் கலந்த பெட்ரோல். பெட்ரோலைவிட எத்தனாலில் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு குறைவு. இதற்கென வடிவமைக்கப்படாத பழைய கார்களில் மைலேஜ் 6-7% குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்லியிருக்கிறது. அந்த இழப்பை ஓட்டும் முறையால் ஈடுகட்டலாம்; இல்லாமல் ஆக்க முடியாது.

உங்கள் வண்டியின் உண்மை எண் தெரிய வேண்டுமானால் டேஷ்போர்டை நம்ப வேண்டாம். டேங்க்கை நிரப்பி, ஆட்டோ கட்-ஆஃப் ஆனதும் நிறுத்தி, டிரிப் மீட்டரை பூஜ்யமாக்குங்கள். அடுத்த முறை அதே பம்பில் அதேபோல நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை பில்லில் உள்ள லிட்டரால் வகுங்கள். ஒரு தடவை செய்தால் போதாது. மூன்று டேங்க் சராசரி எடுத்துவிட்டு, ஓட்டும் முறையை மாற்றி அடுத்த மூன்று டேங்க் பாருங்கள்.