நினைவட்டைக்கு மின்சாரம் அளந்து கொடுத்தல்



மயிலத்திற்கு அணித்தே, வராக நதியும் தொண்டியாறும் கூடுமிடத்தில், 1959ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட வீடூர் அணையை உங்களுட் பலர் கண்டிருப்பீர்கள். 32 அடி நீர் கொள்ளும் அவ்வணையால் தமிழ்நாட்டில் 2,200 ஏக்கரும் புதுச்சேரியில் 1,000 ஏக்கரும் பாசனம் பெறுகின்றன. அணையில் நீர் எவ்வளவு நின்றாலும், வாய்க்காலுக்குச் செல்வது மதகு விடும் அளவே. மிகுதியாக விட்டால் கரை உடையும். குறைவாக விட்டால் கடைமடை காயும்.

கணிப்பொறிக்குள்ளும் இத்தகைய மதகுகள் உண்டு. அவற்றை மின்னழுத்தச் சீராக்கிகள் என்பர். மெமரி கார்டு என்று நாம் வழங்கும் நினைவட்டைக்கு அச்சீராக்கிகள் எவ்வாறு மின்சாரம் அளிக்கின்றன, அவற்றைத் திறந்து மூடுவது யார் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இன்று பெரிதும் வழங்கும் எஸ்.டி. அட்டையை 1999ஆம் ஆண்டில் மட்சுஷிடா, சான்டிஸ்க், தோஷிபா என்னும் மூன்று நிறுவனங்கள் கூடி உருவாக்கின. இவ்வட்டையின் உயிர்ப்புக்கு வேண்டிய மின்னழுத்தம் 2.7 வோல்ட் முதல் 3.6 வோல்ட் வரை, பெரும்பாலும் 3.3 வோல்ட்டே அளிக்கப்படுகிறது. இதனை அட்டையின் உணவு எனலாம். ஆனால் அட்டைக்கு உணவு மட்டும் போதாது, பேசவும் வேண்டும். அது பேசும் கம்பிகளில் மின்னழுத்தம் ஏறுவது ‘ஒன்று’ என்றும், இறங்குவது ‘சுழி’ என்றும் பொருள்படும். அந்த ஏற்றம் எவ்வளவு என்பதை வரையறுக்க மற்றொரு சீராக்கி பல கருவிகளில் உண்டு.

இரண்டு ஏன் என்று கேட்பீர்கள். உயரமான படியில் ஏறி இறங்குவதைவிடத் தாழ்ந்த படியில் ஏறி இறங்குவது விரைவானது அன்றோ? 3.3 வோல்ட் அளவில் பேசிய பழைய அட்டை தொடக்கத்தில் நொடிக்கு 12.5 மெகாபைட் வரையே தர இயன்றது. 2010ஆம் ஆண்டில் வந்த புதிய விதிமுறை, பேசும் அளவை 1.8 வோல்ட்டாகத் தாழ்த்தி, வேகத்தை நொடிக்கு 104 மெகாபைட் வரை உயர்த்தியது. உணவு 3.3 வோல்ட்டாகவே நிற்க, பேச்சு மட்டும் தாழ்கிறது என்பதை மனத்திற் கொள்க.

இனி, மதகைத் திறப்பவரைக் காண்போம். அட்டையோடு பேசுவது கட்டுப்படுத்தி என்னும் சுற்று. சீராக்கியோ பல கருவிகளில் வேறொரு சில்லில் இருக்கிறது. ஒன்றையொன்று அறியாத இவ்விரண்டையும் இணைத்து நடத்துவது இயக்க முறைமையில் உள்ள இயக்கி என்னும் மென்பொருள். லினக்ஸ் இயக்க முறைமையில் எல்லாச் சீராக்கிகளையும் ஒரே முறையில் ஆளும் பொது அமைப்பு 2008ஆம் ஆண்டில், 2.6.27 என்னும் பதிப்பில் இடம்பெற்றது. இயக்கி அதனிடம் இவ்வளவு மின்னழுத்தம் வேண்டும் என்று கேட்கும். அது கொடுக்கும் அல்லது மறுக்கும்.

அளவைத் தாழ்த்தும் முறை நுட்பமானது. முதலில் எல்லா அட்டைகளோடும் 3.3 வோல்ட்டிலேயே பேச்சுத் தொடங்கும். ‘1.8 வோல்ட்டுக்கு இறங்க இயலுமா?’ என்று இயக்கி கேட்கும். அட்டை இசைந்தால், 11ஆம் எண் ஆணையை அனுப்பும். அட்டை அதனை ஏற்றுத் தன் கம்பிகளைத் தாழ்த்திக் காத்திருக்கும். உடனே கடிகாரத் துடிப்பு நிறுத்தப்படும்; அளவு மாறும் வேளையில் ஓரெழுத்தும் பிழைபடக் கூடாதன்றோ? பின்பே சீராக்கி 1.8 வோல்ட்டுக்கு இறக்கப்படும். விதிமுறை கேட்பது குறைந்தது 5 மில்லிநொடிப் பொறுமை; லினக்ஸ் இயக்கியோ 10 மில்லிநொடி காத்திருக்கிறது. துடிப்பு மீண்டதும் அட்டை கம்பிகளை உயர்த்தினால் வெற்றி. உயர்த்தாவிடில் மின்சாரத்தை முற்றும் துண்டித்து, முதலிலிருந்தே தொடங்க வேண்டும்.

முற்றும் துண்டிப்பது ஏன்? ஒருமுறை 1.8 வோல்ட்டுக்கு இறங்கிய அட்டை, வேண்டிக்கொண்டால் மேலேறாது. மின்சாரம் அற்று மீண்டும் பெற்றால்தான் பழைய நிலைக்கு வரும். இதனை மறந்தால் வரும் இடர் பெரிது. சிறு கணிப்பலகைகள் பலவற்றில் இயக்க முறைமையே நினைவட்டையில்தான் இருக்கிறது. பலகை மறுதொடக்கம் செய்யும்போது அட்டைக்கு மின்சாரம் அறுபடாவிட்டால், தொடக்க நிரல் 3.3 வோல்ட்டிற் பேசும், அட்டையோ 1.8 வோல்ட்டில் நிற்கும். ஒருவர் மொழி ஒருவர்க்கு விளங்காது, பலகை விழித்தெழாது. மாறாக, எழுதிக்கொண்டிருக்கும்போதே துண்டித்தாலோ, எழுதியவை பாழாகும். துண்டிக்கவும் வேண்டும், வேளை அறிந்து துண்டிக்கவும் வேண்டும்.

பகிர்வு என்னும் கடமையும் உண்டு. ஒரே வாய்க்காலை நம்பிய இரண்டு ஊர்களில், ஓர் ஊர் போதுமென்றதும் மதகை அடைத்தால் மற்ற ஊரின் பயிர் என்னாகும்? ஆகவே ஒரு சீராக்கியை எத்தனை இயக்கிகள் நாடியிருக்கின்றன என்று லினக்ஸ் எண்ணி வைக்கிறது. கடைசி இயக்கியும் ‘போதும்’ என்று சொன்ன பின்னரே அதனை அடைக்கிறது.

இவ்வளவு காவல் இருந்தும், மனிதரின் கவனத்திற்கு ஈடு இல்லை. ஒவ்வொரு பலகைக்கும் இன்ன சீராக்கி இந்த அளவுக்கு மேற்போகலாகாது என்னும் எல்லையை, அதனை அமைத்தவரே எழுதித் தர வேண்டும். அவ்வெல்லை மைக்ரோவோல்ட்டில் எழுதப்படுகிறது, 3.3 வோல்ட் என்பது 33,00,000. எல்லை கடந்த வேண்டுகோளை இயக்க முறைமை மறுக்கும். எல்லையே தவறாக எழுதப்பட்டிருந்தால் அதனையும் நம்பிவிடும். 1.8 வோல்ட் மட்டுமே தாங்கும் சில்லு 3.3 வோல்ட்டைப் பெற்றுக் கெட்டுப்போகும். நிரலில் நேரும் பிழையைத் திருத்தலாம். கருகிய சில்லைத் திருத்த முடியாது.

சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான ‘சக்தி’ செயலி, 2018ஆம் ஆண்டில் லினக்ஸை இயக்கிக் காட்டியது. நம் நாட்டுச் செயலிகளைக் கொண்டு நாளை எழும் ஒவ்வொரு பலகைக்கும் இந்த எல்லைகளை எழுத ஒருவர் வேண்டும். மயிலம், திண்டிவனம், விழுப்புரம் பகுதிக் கல்லூரிகளில் பயிலும் நீங்கள் அப்பணிக்கு உரியவர்களே. லினக்ஸின் மூல நிரல் எவரும் படிக்கக் கிடைக்கிறது. நினைவட்டைப் பகுதியைத் திறந்து, அந்த 10 மில்லிநொடிப் பொறுமை எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று தேடிப் பாருங்கள். கண்டறிந்த பின், அதற்கு முன்னும் பின்னும் உள்ள வரிகள் தாமே உங்களுக்குப் பாடம் சொல்லும்.