கடலில் கலக்கும் கதிரியக்கம்

2011 மார்ச்சில் ஆழிப்பேரலையால் ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையம் சீர்குலைந்தது. உலைகளைக் குளிர்வித்த நீர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொட்டிகளில் சேர்ந்தது. அதைச் சுத்திகரித்து, 2023 ஆகஸ்ட் முதல் சிறிது சிறிதாகப் பசிபிக் கடலில் விடுகின்றனர். இது தீங்கானதா?

சுத்திகரிப்பில் சீசியம், ஸ்ட்ரான்ஷியம் போன்றவை பெரும்பாலும் நீங்கிவிடும், டிரிட்டியம் நீங்காது. அது ஹைட்ரஜனின் ஒரு வகை. ஆக்சிஜனுடன் கூடி நீராகவே இருக்கிறது. நீரிலிருந்து நீரை வடிகட்டுவது எங்ஙனம்? ஆகவே கடல்நீர் சேர்த்து, லிட்டருக்கு 1,500 பெக்கரலுக்கும் குறைவாக நீர்க்கச் செய்கின்றனர். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் கூறும் வழிகாட்டு அளவே 10,000 பெக்கரல்.

டிரிட்டியத்தின் பீட்டாக் கதிர் தோலை ஊடுருவாது. உடலுக்குள் சென்றாலும் பெரும்பகுதி சில வாரங்களில் வெளியேறிவிடும். சீசியம்–137 அப்படியன்று, மீனின் தசையில் சேரும். அதன் அரை ஆயுள் 30 ஆண்டுகள்.

எனவே, எதிர்ப்போரின் முக்கிய வினா டிரிட்டியத்தைப் பற்றியது மட்டுமன்று. தொட்டிகளில் வேறென்ன எஞ்சியுள்ளது என்பதுமாகும். மீனவரின் அச்சமோ வேறு: மீன் நல்லதாயினும் வாங்குவோர் தயங்குவரே! 2023இல் சீனா ஜப்பானியக் கடலுணவுக்குத் தடை விதித்தது.

வாசகர்களே, கதிரியக்கம் என்றதும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: எந்தப் பொருள்? எவ்வளவு? அளந்தவர் யார்? மூன்றாவதற்கு நம்பத்தக்க விடை இல்லாவிடில், முதலிரண்டின் விடைகளால் பயனில்லை.