இணைப்பு அறுந்தாலும் அமர்வு ஏன் சாவதில்லை?

சாரல் காலத்தில் குற்றாலம் பேரருவியின் கீழ் ஒருவர் நகராமல் நின்றால், பின்னால் இருப்பவருக்குக் குளியல் இல்லை. பலர் பங்கிடும் ரிமோட் டெஸ்க்டாப் சர்வரிலும் அதே கதைதான்.  

ரிமோட் டெஸ்க்டாப் ஜன்னலை மூடினால் இணைப்புதான் அறும்; சர்வரில் ஓடும் உங்கள் அமர்வு (session) முடியாது. திறந்த கோப்புகள் சர்வரின் நினைவகத்தில் அப்படியே கிடக்கும். மழையில் இணையம் போனவருக்கு அது வரம். மறந்துவிட்டு வீட்டுக்குப் போனவரோ இடத்தை அடைத்துக்கொண்டிருப்பார். அதனால் விண்டோஸ் சர்வரில் வேலை நடக்கும் அமர்வு, சும்மா கிடக்கும் அமர்வு, இணைப்பு அறுந்த அமர்வு ஒவ்வொன்றுக்கும் தனிக் கெடு வைக்கலாம். முதல் இரண்டில், 2 நிமிடம் முன்பே எச்சரிக்கை வரும். சும்மா கிடப்பதைத் துண்டித்தால் போதும், உடனே முடித்துவிடுவது கொடுமை என்பேன். இணைப்பு அறுந்ததற்கும் சில மணி நேரம் கொடுங்கள். அமர்வே முடிந்துவிட்டால், சேமிக்காத வேலை திரும்பி வராது.